டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரும் மருத்துவத் தொழிற்கல்வியும்

நெய்வேலியில் வாழும் நமக்கு ஓர் உண்மை பிறர் சொல்லாமலே விளங்கும். சுரங்கம் பொறியாளர்களால் மட்டும் நடப்பதன்று. மண்ணை வெட்டியெடுக்கும் பெருஞ்சக்கர எந்திரத்தை இயக்குபவர், கன்வேயர் பட்டையைக் காப்பவர், பழுது நீக்கும் பிட்டர், மின்பணியாளர் ஆகியோர் இல்லையேல் பழுப்பு நிலக்கரி ஒரு கூடையும் மேலே வாராது. நிலத்தடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்கும் பம்புகளைக் கவனிப்பவர் கண்ணயர்ந்தால் சுரங்கத்துக்கே ஆபத்து.

மருத்துவமனையும் அத்தகையதே. குருதியைச் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், அறுவை அரங்கில் கருவிகளை ஆயத்தம் செய்பவர், மருந்தை அளந்து கொடுப்பவர், நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர் ஆகிய இத்தனை பேரின் கைகள் சேர்ந்தே ஓர் உயிரைக் காக்கின்றன. மருத்துவர் அக்கைகளுள் ஒரு கை. ஆயினும் நம் இல்லங்களில் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பேசுங்கால், ஒன்று டாக்டர் ஆக வேண்டும், இல்லையேல் கிடைத்த வேலைக்குப் போக வேண்டும் என்ற இரண்டு வழிகளே பேசப்படுகின்றன. இடையில் இருக்கும் பரந்த உலகம் நம் கண்ணில் படுவதில்லை.

இன்னோர் உண்மையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மருத்துவமனைகளுக்குள் நம் மக்கள் தொடக்கம் முதலே இருந்துவந்திருக்கின்றனர். தரையைக் கூட்டியவர்களாகவும், மலக்கலங்களைக் கழுவியவர்களாகவும், பிணவறையில் எவரும் தொட அஞ்சிய உடல்களைத் தூக்கியவர்களாகவும் இருந்திருக்கின்றனர். துடைப்பத்துக்கும் நுண்ணோக்கிக்கும் இடையே உள்ள தொலைவு ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகளுக்கு இடையே உள்ள தொலைவுதான். அதைக் கடக்கப் பல தலைமுறைகள் ஆயின. இன்னும் முழுமையாகக் கடந்து முடிந்தபாடில்லை.

அத்தொலைவைக் கடக்க ஒரு வழியை நம் தமிழ் மண்ணில் நூறாண்டுகளுக்கு முன்பே அமைத்தவர்களுள் ஒருவர் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவியவர் என்று உலகம் அவரை அறியும். அவர் முதலில் உருவாக்கியது மருத்துவர்களை அல்ல என்பதைச் சிலரே அறிவர். ஆகவே நம் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அவர்தம் வாழ்க்கையை எழுத முற்பட்டோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் டாக்டர் ஜான் ஸ்கடர், தாயார் சோபியா. தந்தையாரின் பெயரையே கொண்டிருந்த பாட்டனாரும் மருத்துவரே. அவர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துத் தமிழர்களிடையே பணிபுரிந்தவர். பின்னர்ச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். அவருடைய மைந்தர்கள் 1853-இல் ஆற்காட்டு மிஷனை அமைத்தனர்.

இந்த ஆற்காட்டு மிஷனைப் பற்றி நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வடாற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களின் சிற்றூர்களில் அதன் சபைகளில் சேர்ந்தோருள் பெரும்பகுதியினர் சேரிகளில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களே. ஊர்க் கிணற்றிலும் ஊர்ப் பள்ளியிலும் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு மிஷன் பள்ளித் திண்ணையில் எழுத்து கிடைத்தது. அங்கு எழுத்துக் கற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம் பிற்காலத்தில் மிஷன் மருத்துவமனைகளில் தொழில் கற்க முன்வந்தோருள் பலர்.

அம்மையார் குழந்தையாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் அழைத்த கொடும் பஞ்சம் தாக்கியது. எலும்பும் தோலுமான குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டும் பணியைத் தம் சிறு கைகளால் அவர் செய்தார் என அவர் வரலாறு கூறும். பின்னர்க் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குச் சென்றார். பெற்றோர் மீண்டும் இந்தியா வந்தபோது அவர் உறவினர் வீட்டில் விடப்பட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்பீல்டு பெண்கள் பள்ளியில் பயின்றார். பஞ்சமும் வெயிலும் நிறைந்த இந்நாட்டுக்குத் திரும்பும் எண்ணமோ, மருத்துவராகும் ஆசையோ அவருக்கு அப்போது சிறிதும் இருக்கவில்லை.

திண்டிவனத்து இரவு

1890-ஆம் ஆண்டு தாயார் நோயுற்றதால் அம்மையார் இந்தியா வர நேர்ந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர். இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் 1993 வரை நம் நெய்வேலியைப் போலவே தென்னாற்காடு மாவட்டத்து ஊராக இருந்தது. ஆதலின் இவ்வரலாற்றின் திருப்புமுனை நம் மாவட்டத்து மண்ணில் நிகழ்ந்தது என்று நாம் உரிமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

ஒருநாள் இரவு அந்தணர் ஒருவர் வந்து, பேறுகால வேதனையில் கிடக்கும் தம் இளம் மனைவியைக் காக்க வருமாறு அம்மையாரை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையார் மருத்துவர் என்றும், அவருக்குத் துணையாகத் தாமும் வருவதாகவும் அம்மையார் கூறினார். அயலான் ஒருவன் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று கூறி அவர் சென்றுவிட்டார். அதே இரவில் இசுலாமியர் ஒருவரும், உயர்சாதி இந்து ஒருவரும் அதே வேண்டுகோளுடன் வந்து அதே காரணத்தால் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அந்தக் காலைப் பொழுதில்தான் மருத்துவம் பயின்று இந்நாட்டுப் பெண்களுக்குப் பணிபுரிவதென்று அம்மையார் உறுதி பூண்டார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் எழுதியுள்ளனர். நம் கண்ணோட்டத்தில் இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய வேறு இரண்டு செய்திகள் உள்ளன. அன்றிரவு கதவைத் தட்டியவர்கள் மூவரே. நான்காவதாகச் சேரியிலிருந்து எவரும் வந்ததாக வரலாறு குறிக்கவில்லை. சேரியிலும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. தாய்மார் இறந்துகொண்டுதான் இருந்தனர். ஆனால் ஒரு மருத்துவரின் கதவைத் தட்டலாம் என்ற எண்ணமே அங்கு எட்டாதிருந்தது.

இரண்டாவது செய்தி, அக்காலத்தில் இந்நாட்டில் பேறு பார்த்தவர் யார் என்பது. மகப்பேறு தீட்டென்று கருதப்பட்டமையால் அத்தொழில் தாழ்ந்தனவாக எண்ணப்பட்ட சாதிகளின் பெண்களிடமே விடப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கைகளில் திறமை இருந்தது. ஆனால் கிருமி பற்றிய அறிவு அவர்களுக்கு வழங்கப்படவில்லை, கருவிகள் வழங்கப்படவில்லை, சான்றிதழும் மதிப்பும் ஊதியமும் வழங்கப்படவில்லை. குழந்தை பிறந்தபின் அவர்கள் அவ்வீட்டு வாயிலில் மீண்டும் தீண்டத்தகாதவர்கள் ஆயினர். ஒரு திறமை தொழிலாவதற்கும் இழிவாவதற்கும் உள்ள வேறுபாடு பயிற்சியும் சான்றும்தாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கல்வியும் திரும்புதலும்

அம்மையார் 1895-இல் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதிதாகத் தொடங்கப்பெற்ற கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் ஏற்றபோது அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் பெண்களுள் அவரும் ஒருவர்.

இந்தியாவுக்குப் புறப்படுமுன் வேலூரில் பெண்கள் மருத்துவமனை ஒன்று கட்ட நிதி திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நியூயார்க் நகரத்து வங்கியாளர் ஷெல் என்பார் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையாரிடம் தொழில் பழகலாம் என்று நம்பி வந்தவருக்குச் சில திங்களிலேயே பேரிடி விழுந்தது. தந்தையார் காலமானார். வேலூரில் வீட்டின் ஒரு சிறு அறையில், ஒரே படுக்கையுடன், தனி மருத்துவராக அவர் பணியைத் தொடங்கினார்.

முதலில் மக்கள் அஞ்சினர். பின்னர் வந்தனர், பிறகு வந்துகொண்டே இருந்தனர். இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு அவர் மருத்துவம் பார்த்தார். அந்நாளில் அவருக்கு உதவ மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. வீட்டுப் பணியாளர் குடும்பத்தைச் சேர்ந்த சலோமி என்னும் பெண்ணே அவருக்கு முதல் துணை. கருவிகளைக் கொதிநீரில் இடவும், காயத்தைக் கழுவிக் கட்டவும், நோயாளிகளின் அச்சத்தைப் போக்கவும் அப்பெண் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பின்னாளில் பெருமருத்துவமனையாக வளர்ந்த நிறுவனத்தின் முதற் செவிலியர், எந்தப் பள்ளியிலும் சான்றிதழ் பெறாத ஒரு தமிழ்ப்பெண் என்பது நம் நினைவில் நிற்க வேண்டிய செய்தி. கற்பிக்க ஒருவர் இருந்தால் கற்றுக்கொள்ளும் ஆற்றல் எங்கும் உண்டு என்ற பாடம் வேலூரில் அந்தச் சிற்றறையிலேயே கிடைத்துவிட்டது. 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

முதலில் கம்பவுண்டர்

மருத்துவமனை எழுந்ததும் அம்மையார் செய்த அடுத்த செயலைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1903-இல் கம்பவுண்டர் பயிற்சியைத் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1918-இல்தான் மருத்துவப் பள்ளி வந்தது. இவ்வரிசையை வாசகர் ஒருமுறை மீண்டும் நோக்குக. முதல் கம்பவுண்டருக்கும் முதல் மருத்துவ மாணவிக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். வீட்டைக் கட்டுபவர் கடைக்காலிலிருந்து தொடங்குவது போல் அவர் கட்டினார்.

இன்றைய இளைஞர்களுக்குக் கம்பவுண்டரின் தொழில் என்னவென்று தெரியாமலிருக்கலாம். அக்காலத்தில் மருந்துகள் இன்றுபோல் அட்டையில் அடைத்து வரவில்லை. மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்து, ஒவ்வொரு மருந்தையும் கம்பவுண்டரே கூட்டித் தயாரிக்க வேண்டும். சிறு தராசில் கிரெய்ன் கணக்கில் பொடியை நிறுக்க வேண்டும். 60 கிரெய்ன் ஒரு டிராம். அளவுக் குவளையில் மினிம் கணக்கில் திரவத்தை அளக்க வேண்டும். 60 மினிம் ஒரு திரவ டிராம், 8 டிராம் ஓர் அவுன்சு. கல்வத்தில் அரைத்து, கலக்கி, வடிகட்டிப் பாட்டிலில் நிரப்பிய பின், எழுதப்படிக்கத் தெரியாத நோயாளிக்கும் வேளைக்கு இவ்வளவு என்று விளங்குமாறு பாட்டிலின் பக்கத்தில் அளவுக் காகிதப் பட்டி ஒட்ட வேண்டும். கிரெய்னுக்குப் பதில் டிராம் என்று தவறாகப் படித்தால் மருந்து அறுபது மடங்கு ஆகிவிடும், மருந்தே நஞ்சாகும்.

ஆகவே கம்பவுண்டருக்குக் கணக்கு வேண்டும். ஆங்கில எழுத்தும் இலத்தீன் குறியும் படிக்கத் தெரிய வேண்டும். கவனமும் நாணயமும் வேண்டும். இவற்றுள் எதுவும் குலத்தால் வருவதன்று. அனைத்தும் பழக்கத்தால் வருவன. சேரிப் பள்ளியில் வாய்ப்பாடு கற்ற ஒரு பிள்ளை, ஈராண்டு மூவாண்டுப் பயிற்சியில் அடையக்கூடிய தகுதி அது. அத்தகுதியை அடைந்தவன் தன் ஊருக்குத் திரும்பும்போது, எந்தக் கையிலிருந்து தண்ணீர் வாங்க ஊர் மறுத்ததோ அந்தக் கையிலிருந்து மருந்து வாங்க ஊர் காத்து நின்றது. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் இம்மாற்றம் ஆரவாரமின்றி நிகழ்ந்தது.

செவிலியர் பள்ளி

1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளியைக் கட்டி வளர்த்தவர் டெலியா ஹூட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியர். அதற்கு மாணவியரைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. பிறர் குருதியையும் கழிவையும் தொடுவது, அயல் ஆடவர் நடமாடும் இடத்தில் இரவுப் பணி புரிவது ஆகியவற்றைக் குலத்துக்கு இழுக்கென்று உயர்சாதிக் குடும்பங்கள் எண்ணின. ஆகவே தொடக்க காலத்தில் இத்தொழிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவ மகளிர். அவர்களுள் ஏழைக் குடும்பத்தினரும், கைம்பெண்களும், ஆதரவற்றோரும் இருந்தனர்.

இதில் ஒரு வியப்பு அடங்கியுள்ளது. தொடாதே என்று யாரைச் சமூகம் விலக்கி வைத்ததோ, அவர்கள் தொட்டால்தான் உயிர் பிழைக்கும் என்ற நிலையை மருத்துவமனை உருவாக்கியது. நாடி பார்க்கும் விரலுக்குச் சாதி கிடையாது. காய்ச்சலில் கிடப்பவர் தன் நெற்றியில் ஈரத்துணி இடும் கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை; கேட்பாராயின் நோய் தீரும்வரை பொறுத்திருந்தே கேட்பார்.

அதே 1909-ஆம் ஆண்டில் அம்மையாருக்கு ஒரு சிறு மோட்டார் வண்டி கிடைத்தது. வாரந்தோறும் குடியாத்தம் செல்லும் சாலையில் அவர் பயணம் செய்தபோது, மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருந்தனர். சாலையோர மருத்துவம் என்னும் முறை அவ்வாறு வளர்ந்தது. புண்ணைக் கழுவுவோர், மருந்தை அளப்போர், பெயரைப் பதிவோர் என அதற்குக் குழுவாகத் தொழில் தெரிந்தவர்கள் வேண்டும். மருத்துவர் ஒருவர் ஒருநாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்க முடிந்தது என்றால், அவருடன் சென்ற கைகளின் பயிற்சியே அதற்குக் காரணம்.

மருத்துவப் பள்ளியின் வெற்றி

பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்க அம்மையார் அரசின் இசைவை நாடியபோது, மாகாண மருத்துவத் துறைத் தலைவராயிருந்த ஆங்கிலேய அதிகாரி, ஆறு பெண்கள் சேர்ந்தால் தொடங்கிக்கொள்ளலாம் என்று ஐயத்துடன் இசைந்தார். விண்ணப்பித்தவர்களோ 151 பேர். 1918 ஆகஸ்டில் பள்ளி தொடங்கியது. கட்டடமும் கருவிகளும் நூல்களும் மிகக் குறைவு. அம்மையாரே பாடம் நடத்தினார். ஆடவர் பள்ளிகளிலேயே தேர்ச்சி குறைவாக இருக்கும்போது பெண்களிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டா என்று அவ்வதிகாரி முன்னரே எச்சரித்திருந்தார். தேர்வு முடிவு வந்தபோது வேலூர் மாணவியர் அனைவரும் தேறியிருந்தனர். 1922-இல் 14 பேர் முதல் அணியாகப் படிப்பை முடித்து வெளிவந்தனர்.

யாரால் இயலாது என்று சொல்லப்பட்டதோ அவர்களுக்கு நல்ல ஆசிரியரும் இடைவிடாத பயிற்சியும் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு இத்தேர்வு முடிவு எடுத்துக்காட்டு. இயலாது என்ற சொல்லை நம் பிள்ளைகள் எத்தனை ஆசிரியர் வாயிலிருந்து கேட்டிருக்கின்றனர் என்பதை இம்மலரைப் படிக்கும் பெற்றோர் அறிவர்.

1930-களின் இறுதியில் அரசு பழைய எல்.எம்.பி. படிப்பை விலக்கி எம்.பி.பி.எஸ். பட்டமே தகுதி என்று விதித்தபோது, பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. பட்டப்படிப்புக்கு ஏற்ற ஆசிரியர்களும் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் சேர்க்கப் பெரும்பொருள் வேண்டும். எழுபது வயதைக் கடந்த அம்மையார் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பும் தொடங்கியது. இந்தியாவில் அப்பட்டப்படிப்பு முதலில் தொடங்கிய இரண்டு இடங்களுள் ஒன்று வேலூர்; மற்றொன்று தில்லி. சலோமியின் கைகளில் பழக்கமாகத் தொடங்கிய தொழில், அரை நூற்றாண்டுக்குள் பல்கலைக்கழகப் பட்டமாக உயர்ந்தது.

செருப்புத் தைத்தலும் மருத்துவமே

அம்மையார் தலைமைப் பொறுப்பினின்று 1946-இல் ஓய்வு பெற்றார். அவர் காலத்திலேயே வேலூருக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்டு செய்த பணி நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. தொழுநோயால் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்யும் முறையை அவர் 1948-இல் வேலூரில் தொடங்கினார். வலுவுள்ள ஒரு தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலோடு இணைப்பது அம்முறை. ஆனால் கத்தியின் வேலை அதில் பாதியே. கட்டுப் பிரித்த பின், பழைய தசையைப் புதிய வேலைக்குப் பழக்க வேண்டும். நாள்தோறும் நோயாளியின் அருகில் அமர்ந்து விரல் விரலாகப் பயிற்சி தரும் இயன்முறைத் தொழில்நுட்பர் இல்லையேல் அவ்வறுவையால் பயனில்லை.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. அங்கு ஆய்வகத் தொழில்நுட்பர், இயன்முறைத் தொழில்நுட்பர் ஆகியோருடன் காலணி செய்வோருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. உணர்ச்சியற்ற காலில் ஆணி ஏறினும் நோயாளி அறியார். நடந்து நடந்து புண்ணாகிப் பின்னர்க் காலையே இழப்பார். ஆகவே ஆணியே இல்லாமல், மென்மையான ரப்பர் உள்ளடியுடன், ஒவ்வொருவர் பாதத்துக்கும் ஏற்பச் செருப்புச் செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்பவர் பாதத்தின் எலும்பமைப்பையும், எடை எங்கே விழுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

தோலையும் செருப்பையும் தொட்டதற்காகவே ஒரு மக்கட் கூட்டத்தைத் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கிய நாடு இது. அதே செருப்பு ஒரு மனிதனின் காலைக் காக்கும் மருத்துவக் கருவி என்று கரிகிரியில் கற்பிக்கப்பட்டது. தொழிலில் இழிவு இல்லை. தொழிலுக்கு அறிவும் சான்றும் மறுக்கப்படுவதில்தான் இழிவு உள்ளது. அம்மையார் அமைத்த அடிப்படையின் மேல் எழுந்த கட்டடங்களுள் இதனை நாம் மிக உயர்ந்ததாகக் கருதுகிறோம்.

நிறையும் எல்லையும்

அம்மையார் 1960-ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் தம் வாழ்நாள் முழுவதையும் வேலூருக்கே ஈந்தார். தமக்குப் பின் இந்தியர் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும் என்பதும் அவர் காலத்திலேயே நிறைவேறியது. டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

அவரை நாம் புகழும்போது அளவறிந்து புகழ்வதே முறை. அவர் சாதியை ஒழிக்க வந்தவர் அல்லர்; பெண்களின் உயிரைக் காக்க வந்தவர். தம் சமயத்தைப் பரப்பும் மிஷனின் பணியாளராகவே வந்தவர். கம்பவுண்டர் வகுப்புக்கும் செவிலியர் பள்ளிக்கும் வர முடிந்த ஏழைப் பிள்ளைகளுள் பலருக்கு மருத்துவப் பள்ளியின் கதவு ஆங்கிலக் கல்வி இல்லாத காரணத்தால் எட்டாமலே இருந்தது. ஏணி வைக்கப்பட்டது, எல்லாரும் எல்லாப் படிகளிலும் ஏற முடியவில்லை. எஞ்சிய படிகளுக்கு அண்ணல் அம்பேத்கர் தந்த அரசியல் சட்டமும், இடஒதுக்கீடும், நம் மக்களின் போராட்டமும் வேண்டியிருந்தன.

ஆகவே கீழ்ப்படியில் நின்றால் போதும் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். மருத்துவர் ஆகும் தகுதியுள்ள பிள்ளை மருத்துவராகவே வேண்டும். ஆனால் நுழைவுத் தேர்வில் ஒரு முறை வழுக்கிய பிள்ளை அத்தோடு மருத்துவ உலகை விட்டே வெளியேறி, ஒப்பந்தக் கூலியாகச் சுரங்க வாயிலில் நிற்க வேண்டியதில்லை என்பதையும் உரக்கச் சொல்வோம்.

நம் பிள்ளைகளுக்கு

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்ற மாணவருக்கு இன்று திறந்துள்ள கதவுகள் பல. செவிலியம், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் தொழில்நுட்பம், அறுவை அரங்கத் தொழில்நுட்பம், சிறுநீரக டயாலிசிஸ் தொழில்நுட்பம், இயன்முறை மருத்துவம், கண்பரிசோதனை என அவை விரிகின்றன. பட்டமும் உண்டு, பட்டயமும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இவற்றுட் பல கற்பிக்கப்படுகின்றன. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு இடஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் உள்ளன.

இத்தொழில்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் நாடு தழுவிய ஒரே அளவுகோல் இல்லாதிருந்தது. அக்குறையைப் பயன்படுத்தி, ஏற்பிசைவு இல்லாத சிறு நிறுவனங்கள் ஏழைப் பெற்றோரிடம் பணம் பெற்றுப் பயனற்ற தாள்களைச் சான்றிதழ் என்று வழங்கின. 2021-இல் நாடாளுமன்றம் இத்துணை மருத்துவத் தொழில்களுக்கெனத் தேசிய ஆணையச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. பணம் கட்டுமுன் நிறுவனத்தின் ஏற்பிசைவைக் கேட்டறிவதும், உண்மையான மருத்துவமனையில் கைப்பயிற்சி உண்டா என்று நேரில் சென்று பார்ப்பதும் பெற்றோர் கடமை. கைப்பயிற்சி இல்லாத தொழிற்கல்வி கரையில் இருந்து கற்ற நீச்சலுக்கு ஒப்பாகும்.

நம் கழகம் கால் நூற்றாண்டாக மாலை வகுப்புகளிலும் விடுமுறை வகுப்புகளிலும் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் கற்பித்து வருவதன் பொருள் இதுதான். தராசில் கிரெய்ன் நிறுத்த கம்பவுண்டருக்குக் கணக்கு வேண்டியிருந்தது போல, நுண்ணோக்கியின் கீழ்ச் செல்களை எண்ணும் ஆய்வகப் பணியாளருக்கும் கணக்கே வேண்டும். எட்டாம் வகுப்பில் விட்டுப்போன பின்னமும் தசமமும் ஒரு பிள்ளையின் வாழ்நாள் தொழிலையே பறித்துவிடக்கூடும். ஆதலின் தொழிற்கல்வி பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தொடங்குவதன்று, வாய்ப்பாட்டில் தொடங்குவது.

வேலூரில் ஒரு படுக்கை இருந்தது; கற்பிக்கும் மனமுள்ள ஒருவர் இருந்தார்; கற்கும் ஆர்வமுள்ள ஒரு பெண் இருந்தார். மற்றவை பின்னர் வந்தன. நம் கழகத்தில் பயின்று மருத்துவமனைகளில் தொழில் புரிவோர், தமக்குப் பின் வரும் பிள்ளை ஒருவரையேனும் அவ்வாறு கைப்பிடித்து அழைத்துச் செல்வார்களாயின், இவ்வெள்ளிவிழா பொருளுடையதாகும். அம்மையாருக்கு நாம் செலுத்தும் வணக்கமும் அதுவே.